ராக்கெட்டுக்குப் பிடிக்காத பாட்டு

எங்கள் ராக் பேண்டின் பெயர் இடிமுழக்கம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். எனக்கு இருபது வருடப் பழக்கம்.

கல்லூரி கடைசி வருடத்தில் ஆரம்பித்தோம். பாட்டு அன்வர் பாட்சா, கிதார் அரவிந்த்குமார், டிரம்ஸ் செல்லமுத்துவாகிய நான். முதல் பாட்டு ‘எரிமலை’. எட்டு நிமிடம் ஓடும், அதில் மூன்று நிமிடம் அன்வர் வெறுமனே கத்துவான். புதுக்கோட்டை டவுனில் எந்த மாடியில் ஒத்திகை வைத்தாலும் இரண்டாம் நாளே காலி பண்ணச் சொன்னார்கள். கடைசியில் திருவரங்குளத்தில் திலகவதி அக்கா தன் முந்திரி மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். வாடகை கிடையாது. ஞாயிறுதோறும் வந்து நாங்கள் போடுகிற சத்தத்தில் அவருடைய கடலைக் கொல்லைக்கு மயில் வரக் கூடாது, அதுதான் ஒப்பந்தம். மயில்கள் வரவில்லை. எங்கள் இசையை முதலில் மதித்த ஜீவன்கள் அவைதான்.

வயதாக ஆக ஒரு பேண்டின் சத்தம் எங்கே போகிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். எங்களிடமிருந்து அது சொட்டுச் சொட்டாகப் போனது. அரவிந்த்குமார் கணக்கு வாத்தியார் ஆனான். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, தலையை ஆட்டக் கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எந்த எரிமலையை வெடிக்க வைப்பது? அன்வர் கல்ஃபிலிருந்து திரும்பி நிலோஃபரைக் கல்யாணம் செய்தான். மூன்று நிமிடக் கத்தல் ஒரு நிமிடமானது, பிறகு பெருமூச்சானது. மூன்று வருடத்துக்கு முன் மகள் பிறந்தாள். அடுத்த ஞாயிறே ஒரு தாலாட்டோடு வந்து நின்றான்.

மெத்தையில பூனை தூங்குது, மீசையில பாலு தூங்குது.

இடிமுழக்கம் பூனையைத் தூங்க வைத்தால் மனுஷனுக்குக் கோபம் வராதா? “இந்தப் பாட்டுக்கு நான் குச்சியத் தொட்டா ஏன்னு கேளுங்கடா” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அன்றிலிருந்து அவர்கள் அதை வாசிக்கும்போதெல்லாம் நான் ரோட்டோரக் கடையில் டீ குடிப்பேன். அந்த மாதமே மயில்கள் திரும்பி வந்தன. ஒன்று ஜன்னலில் உட்கார்ந்து தாலாட்டை முழுசாகக் கேட்டதாம். அதைவிட எங்களுக்கு ஒரு அவமானம் வேண்டுமா?

மயிலுக்கு அக்கா கோபப்படவில்லை. மாட்டுக்குத்தான் கோபப்பட்டார்.

கிட்டங்கிக்குப் பின்சுவரை ஒட்டி மாட்டுக் கொட்டகை. அதில் ராக்கெட் என்று ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. ஐந்து வருடத்துக்கு முன், நாங்கள் இன்னும் கொஞ்சம் இடித்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவன். திமிலைப் பார்த்தாலே நாம் இரண்டடி தள்ளி நிற்போம். போன வருடம் முதல் முறையாக ஊர் வாடிவாசலில் இறக்கினார்கள். கூட்டம் கத்த, மைக் அலற, தப்பு முழங்க, ராக்கெட் வெளியே வந்து நின்றான். கண்ணைப் பாதி மூடினான். மெதுவாக ஆடினான். அன்றுதான் முதல் முறை களம் இறங்கிய ஒரு பையன் வந்து, யாரோ தவறவிட்ட பையை எடுப்பதுபோல் திமிலைப் பிடித்துக்கொண்டான்.

இந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா கிட்டங்கி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“கன்னுக்குட்டியில ஒங்க சத்தத்தக் கேட்டு வளந்த மாடு. இப்ப பூன பாலுன்னு பாடிப்பாடி அவனயும் பூனையாக்கிட்டீங்க. பழையபடி இடிங்க. இந்த வருசமும் புடிபட்டான்னா கிட்டங்கிய வேற ஆளுக்கு விட்டுருவேன். அங்கிட்டு எங்கயாச்சும் போயித் தாலாட்டுங்க.”

மற்ற இருவரும் வெலவெலத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பால் குடித்த சந்தோஷம். கிட்டங்கி போனால் பேண்டும் போய்விடும் என்பது தெரியும். ஆனால் நான் மூன்று வருடமாகச் சொல்லிவந்ததை அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே.

தினம் மாலை ‘எரிமலை’ வெடித்தது. வெடித்தது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டாவது நிமிடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்துவோம், நான்காவது நிமிடத்தில் என் தோளுக்குத் தைலம். ஒரு நாள் அரவிந்த்குமார் வேகத்தில் தலையை ஆட்டிவிட, கண்ணாடி பறந்துபோய் டிரம்மில் விழுந்தது. அன்வர் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு கத்தினான். கிட்டங்கியில் வைத்தியசாலை வாடை அடித்தது. நான் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

ராக்கெட் தூங்கினான். நாங்கள் தொடங்கியதும் படுப்பான், முடிக்கும்போது குறட்டை கேட்கும்.

“என்னக்கா, தூங்குறானே?” என்றேன்.

“தூக்கமில்ல தம்பி. கண்ண மூடி உள்ளுக்குள்ள கோவத்தச் சேத்து வைக்கிறான்” என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேண்டிய பதில் கிடைத்தால் யார் மறு கேள்வி கேட்பார்கள்?

திருவிழாவுக்கு முதல் நாள் அன்வரின் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. ஒத்திகை நின்றது. சும்மா இருக்க முடியாமல் அரவிந்த்குமார் நாற்காலியில் சாய்ந்தபடி தாலாட்டு மெட்டை விரலால் மெல்ல மீட்டினான். நான் டீ குடிக்க எழுந்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கதவைப் பெயர்த்துக்கொண்டு ராக்கெட் உள்ளே நின்றான். அரவிந்த்குமார் கழுத்து வலியை மறந்து மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏறிவிட்டான். காளை என் பெரிய டிரம்மில் கொம்பை விட்டுத் தூக்கி, அதையும் தலையில் மாட்டிக்கொண்டு கொல்லைக்குள் ஓடியது. மயில்கள் நாலா பக்கமும் பறந்தன.

அக்கா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “ஆத்தாடி! ஞாயித்துக்கெழமையானா தும்ப அத்துக்கிட்டு ஓடுவானே. வெயில் சூடுன்னுல்ல நெனச்சேன்!”

இடிதான் அவனுக்குத் தாலாட்டு, தாலாட்டுதான் அவனுக்கு எமன். கன்றிலிருந்து அப்படியே பழகியிருக்கிறான். போன வருடம் வாடிவாசல் இரைச்சலில் பிள்ளை நிம்மதியாகக் கண்ணயர்ந்திருக்கிறது. நாங்களோ ஒரு மாதமாகத் தொட்டில் ஆட்டியிருக்கிறோம்.

மறுநாள் வாடிவாசலுக்குப் பின்னால் மாடுகள் வரிசையில் நிற்கும்போது ஒருவர் அவன் காதில் தாலாட்ட வேண்டும். மாட்டுக்காரரோடு ஒரு ஆளைத்தான் விடுவார்கள். அன்வருக்குக் குரல் இல்லை. அரவிந்த்குமார் பாடினால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“மாட்டேன்” என்றேன்.

“அப்ப டிரம்ம எடுத்துக்கிட்டுக் கெளம்பு” என்றார் அக்கா. அது இன்னும் காளையின் தலையில்தான் இருந்தது.

நான்கு மணி நேரம் வரிசையில் நின்றோம். மைக் அலற அலற ராக்கெட்டின் தலை சாய்ந்து சாய்ந்து என் தோளில் வந்து விழுந்தது. நான் எரிச்சலோடு பாட ஆரம்பித்தேன். “மெத்தையில! பூனை! தூங்குது!” என் வாயில் அதுவும் எரிமலையாகத்தான் வந்தது. ராக்கெட் சுகமாகக் கொட்டாவி விட்டான்.

“என்ன தம்பி, மாட்டுக்கு மந்திரமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அக்கா என் முதுகில் நறுக்கென்று கிள்ளினார்.

“மெதுவா பாடுய்யா!”

மெதுவாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. ஸ்கூட்டர் பட்டறையில் நட்டு முடுக்கினாலும் தெரு திரும்பிப் பார்க்கும். எங்களுக்கு முன்னால் மூன்று மாடுகள்தான் பாக்கி. கிட்டங்கி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் கண்முன் வந்தன, பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அன்வர் அவன் மகளுக்கு எப்படிப் பாடியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். குரலை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் அந்த மெட்டு எனக்கே கேட்டது. பாலு தூங்குது என்கிற இடத்தில் அது ஒரு சின்ன வளைவு வளைந்து கீழே இறங்குகிறது. இவ்வளவு நல்ல பாட்டுக்கா மூன்று வருடம் டீ குடித்தேன்?

ராக்கெட்டின் காது விறைத்தது. கண் சிவந்தது. அவனுக்கு என் பாட்டு சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வாடிவாசல் திறந்தது. “வருதுய்யா திருவரங்குளம் திலகவதி மாடு!” என்று மைக் கத்தி முடிப்பதற்குள் அவன் களத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டான். வீரர்கள் தடுப்புக் கம்பிகளில் தொங்கினார்கள். போன வருடத்துப் பையன்தான் எல்லோரையும்விட உயரத்தில் இருந்தான். “மாடு செயிச்சிருச்சு! யாரும் தொட முடியல!” இருபது வருடத்தில் என் இசைக்கு ஒரு ஜீவன் இப்படி எகிறிக் குதித்தது அன்றைக்குத்தான். அக்கா பரிசுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு அழுதபடியே சிரித்தார்.

காளைகள் ஓடி வெளியேறும் திடலில் அன்வர் கயிறோடு காத்திருந்தான். ராக்கெட் பக்கத்து வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கி நின்றான். நேரே அன்வரிடம் போனேன். மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

“மாப்ள, நல்ல பாட்டுடா.”

அன்வர் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. போனை எடுத்து ஏதோ எழுதி என் முகத்துக்கு நேரே காட்டினான்.

“சத்தமாச் சொல்லுடா. மெதுவாச் சொன்னா ராக்கெட் மறுபடி பாஞ்சிருவான்.”