சுவருக்கு அந்தப் பக்கம்

விருத்தாசலத்தில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்தபடியே சண்முகப்ரியா கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். புதுப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே திரும்பி வந்துவிட்டது. பின்னணியில் ஏதோ இரைச்சலாம்.

ஃபேனை நிறுத்தினாள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். மைக்கின் ஒயரை மாற்றிப் பார்த்தாள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி அறையைச் சுற்றி வந்தாள். மேற்குச் சுவரை நெருங்க நெருங்கச் சத்தம் தடித்தது. அந்தப் பக்கம் மாமனார் சுப்புராயனின் ஆக்சிஜன் மிஷின். செராமிக் பட்டறையில் மண்பொடி அரைத்த தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மூக்கில் குழாயோடுதான் கிடந்தார்.

“அத ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வேற எடம்தான் பாக்கணும்,” என்றாள் கணவன் சேரனிடம்.

“செவுத்துல கம்பளி தொங்கவிட்டுப் பாப்போம்,” என்று அவனே மாட்டிக் கொடுத்தான்.

அடுத்த பதிவு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கம்பெனியிலும் பாராட்டினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் கம்பளியின் பெருமையைச் சொன்னாள்.

ஒருநாள் வாசிப்பின் நடுவே தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். ஹெட்போனில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது கேட்டது. அவளுடைய மூச்சு இல்லை அது.

எழுந்து ஓடினாள். மிஷின் நிறுத்தப்பட்டிருந்தது. சுப்புராயன் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்திருந்தார், உதடு கறுத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் சேரன் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவிட்சைப் போட்டாள்.

“எத்தினி நாளா நடக்குது இது?”

“நீ பேசி முடிக்கிற வரைக்கும்தான பிரியா. நான் பக்கத்துலயே இருக்கேன்ல? உனக்காகத்தான்…”

“நான் கேட்டனா உங்கள?”

மூச்சு சற்றுத் திரும்பியதும் மாமனார், “அவன ஒண்ணும் சொல்லாதம்மா. நாந்தான் சரின்னேன்,” என்றார்.

மகன் வந்து நின்று கேட்டால் அந்த மனுஷர் வேறென்ன சொல்லியிருப்பார்?

இனி வாசிக்க முடியாது, அனுப்பியதையும் எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்குச் சொன்னாள். மீதியை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். சண்முகப்ரியா ஏற்கெனவே வாசித்து அனுப்பியதை எடுக்கவில்லை.

புத்தகம் வெளியானதும் சேரன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். திட்டக்குடியிலிருந்து அவன் அக்கா திரௌபதி போன் செய்தாள்.

“என்னா தெளிவு பிரியா! எதிர்ல உக்காந்து சொல்ற மாதிரியே இருக்குது. அப்பா கேட்டாங்களா?”

“கேட்டாங்க அண்ணி,” என்று சொல்லிவிட்டு, போனைச் சேரன் கையில் கொடுத்தாள்.