யாரிடமும் சொல்லாத அலை

பிலிப்பைன்ஸின் சியார்காவோ தீவில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான். சொல்லிக்கொடுப்பது என்பது பேருக்குத்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மணிலாவிலிருந்தும் வேறு எங்கெங்கிருந்தோ வருகிறவர்களின் பலகையைப் பிடித்துக்கொண்டு, அலை வந்ததும் ஒரு தள்ளு தள்ளி, "எந்திரிங்க, எந்திரிங்க!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். எழுந்து நின்றுவிட்டால் கைதட்டவும் வேண்டும். ஊரார் பலகையைத் தள்ளித் தள்ளியே, என் பலகை வீட்டுச் சுவரில் சாய்ந்து தூசி பிடித்துக் கிடந்தது.

அதனால்தான் அந்தக் குட்டித் தீவின் மேல் எனக்கு அவ்வளவு பைத்தியம். வடக்கே, படகில் அரை நாள் தூரம். ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் அதைப் பார்த்தேன். பவளப்பாறை ஓரத்தில் அலை எழுந்து, ஒரு கணம் நின்று, பாயைச் சுருட்டுவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகச் சுருண்டது. அதில் ஒரு ஆள் இல்லை. படகில் எல்லோரும் செத்தவரின் நல்ல குணங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அலையைக் கண்டுபிடித்தவர்தான் அதில் முதலில் ஏற வேண்டும். அதுவரை விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் ஏறியவர்தான் அதற்குப் பெயர் வைப்பார். நான் ரெய்னானிடம் மட்டும் சொன்னேன். படகு அவனிடம் இருந்தது என்பது ஒரு காரணம். உடைந்த ஒரே பலகையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சின்ன வயதில் ஒன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள் என்பது பெரிய காரணம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் திட்டம் போட்டோம். பலகைகளுக்கு ஒட்டுப்போடும் அவனுடைய கொட்டகையில் உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது.

"பலகைய வலைக்கு அடியில போட்டு மறைச்சிருவோம். துறையில எவனாச்சும் கேட்டா மீன் பிடிக்கப் போறோம்னு சொல்லு."

"நீயா? நீ மீன் பிடிக்கப் போறேன்னா நாய்கூட நம்பாதுடா."

"அப்ப உனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறோம்னு சொல்லிடறேன்."

"அதுக்கு நாய்கூடச் சிரிக்கும்."

அந்த அலை எழ வேண்டுமென்றால் தூரக் கடலில் புயல் போக வேண்டும். காற்று தரையிலிருந்து அடிக்க வேண்டும். ஊரே புயல் வேண்டாம் என்று மாதாவிடம் மன்றாடும்போது, நாங்கள் இரண்டு பேர் மட்டும், வரட்டும், ஆனால் கரைப்பக்கம் வராமல் அப்படியே போகட்டும் என்று பேரம் பேசினோம்.

அக்டோபரில் பேரம் படிந்தது. என் பலகையைத் துடைத்து மெழுகு தேய்த்தேன். ஓலையில் கட்டிய சோறு, தண்ணீர், மாற்றுக் கயிறு எல்லாம் பையில் ஏறிவிட்டன. கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம் ரெய்னான் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றான். "இன்ஜின் படுத்துருச்சு, ஜென். சாமான் சுரிகாவோ டவுன்லதான் கிடைக்கும். இந்தத் தடவை இல்ல."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் நான்தான் அவனைத் தேற்றினேன். "விடுடா, அலை எங்க ஓடிப்போகுது?" சுரிகாவோ போகும் வழியில் சாப்பிட மீன் வறுத்துக் கட்டிக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டான் படுபாவி.

மறுபடியும் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனேன். அடுத்த வாரம் ஒரு மணிலாக்காரர் கற்றுக்கொள்ள வந்தார். பலகையில் குப்புறப் படுத்திருந்தவர் தலையைத் திருப்பி, "கோச், அடுத்த வருஷத்துக்குள்ள நான் ஜெனலின்ல ஏறிடுவேனா?" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஜெனலின். வடக்கே ஒரு தீவுல புது அலையாம். எங்க ரிசார்ட்டுல பெருசா படம் மாட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா? ஆமா, உங்க பேரக் கேக்கவே இல்லையே, கோச்."

நான் பலகையைத் தள்ள மறந்துவிட்டேன். வந்த அலை எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அவர் உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே எழுந்தார். நான் அவரை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி, ஈரத்துணியோடு அந்த ரிசார்ட்டுக்கு ஓடினேன். வாசல் சுவரில் படம் இருந்தது. அதே பாறை, அதே அலை. அதன் மடிப்புக்குள் ரெய்னானின் மஞ்சள் பலகை, மேலே ரெய்னான். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

கொட்டகையில் அவன் சட்டையில்லாமல் பலகை தேய்த்துக்கொண்டிருந்தான். முதுகு முழுக்கப் பவளப்பாறை கிழித்த கோடுகள், இன்னும் ஆறவில்லை.

"இன்ஜின் சரியாயிடுச்சா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டான். "ஜென், உக்காரு."

"உக்கார வரல. சொல்லு."

"ரிசார்ட்டுக்காரங்க ட்ரோன் விட்டுத் தேடிட்டிருந்தாங்க. எப்படியும் கண்டுபிடிச்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி நம்மளே காட்டிட்டா..."

"நம்மளா? நான் எங்கடா இருந்தேன்? உனக்கு மீன் வறுத்துட்டு இருந்தேன்டா!"

"உன் பேரத்தானே வெச்சேன்! என் பேர வெச்சிருக்கலாம்ல? கண்டுபிடிச்சது நீன்னு எல்லாருக்கும் தெரியணும்னுதான்..." நான் நன்றி சொல்வேன் என்று நிஜமாகவே எதிர்பார்த்த முகம் அது. அவனே மேலே பேசினான். "உனக்கும் வேலை கேட்டிருக்கேன். ஜெனலினே உங்களக் கூட்டிட்டுப் போறாங்கன்னா வர்றவங்களுக்குப் பிடிக்கும்ல? உள்பக்கம் சின்ன அலைதான் வரும். புதுசா ஏறுறவங்களத் தள்ளிவிட ஒரு ஆள் வேணுமாம்."

அந்தத் தீவில் போயும் நான் தள்ள வேண்டுமாம்! திரும்பி நடந்தேன். வாசல்வரை போனவள் நின்றுவிட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எப்படி இருந்துச்சு?"

ரெய்னானுக்கு என் கோபம், அவன் செய்த காரியம் எல்லாம் மறந்துபோயிற்று. கையை அலைபோல வளைத்துச் சொல்ல ஆரம்பித்தான். எங்கே எழுகிறது, எங்கே அவசரப்படக் கூடாது, அலைச் சுருளுக்கு உள்ளே போனதும் வெளிச்சம் எப்படிப் பச்சையாகிறது. "உள்ள சத்தமே இல்ல, ஜென். மூச்சு விடுறதுகூடக் கேக்குது." ஒரு பொய் இல்லை அதில். சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"இன்னும் சொல்லு" என்றேன்.

அப்படி என்னைக் கேட்க வைத்ததற்காகத்தான் அவனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.