சைவப் பூனையின் நோன்பு

"என் சட்டியில வாய வச்சது உங்க பூனைதான்க்கா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"கண்ணுல கோளாறு இருந்தா ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கிட்ட காட்டு மஹ்மூதா. எங்க வடிவுக்கு மீன் வாசனையே தெரியாது."

"தெரியாதா? ஒரு முழு கெம்போங் மீனத் தூக்கிக்கிட்டு உங்க சமையக்கட்டு ஜன்னல் வழியாத்தான் உள்ள போச்சு. எதுக்குப் போச்சு, மீனுக்குப் பொட்டு வைக்கவா?"

"நாக்க அடக்கிப் பேசு. எங்க வீட்டுப் பூனை வெங்காயம்கூடத் தொடாது."

லாயாங் லாயாங் ஸ்டேசனுக்குப் பின்னால், ரயில்வே வீடுகளுக்கும் கபீர் பாயின் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு தகர வேலி உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்டேசனில் கணக்கெழுதும் கிராணி சதாசிவத்தின் மனைவி தனலெட்சுமி. அந்தப் பக்கம் பாயின் மனைவி மஹ்மூதா. இருவர் கையிலும் கரண்டி. அடுத்த வீட்டில் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் வெறும் காம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாதியில் எழுந்து போக மனசு வரவில்லை.

தனலெட்சுமியின் பூனையைத் தெரியாதவர்கள் அப்போது இந்த லைனில் கிடையாது. சரக்கு வண்டியின் மூலையில் குட்டியாகக் கிடந்தது. காதில் புழு வைத்திருந்தது. தனலெட்சுமிதான் எடுத்து வந்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, பஞ்சுத் திரியில் பால் தொட்டு ஊட்டி, மடியிலேயே வைத்திருந்து பிழைக்க வைத்தாள். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பிழைத்த பூனைக்கு வடிவு என்று பெயர் வைத்ததோடு விட்டிருக்கலாம். எனாமல் மங்குக் கிண்ணத்தில் பால்சாதம், மேலே ஒரு சொட்டு நெய், வெள்ளிக்கிழமை என்றால் நெற்றியில் குங்குமம். வீடு சைவம், ஆகவே பூனையும் சைவம். வருகிற வண்டியின் கார்டுகள்கூட இறங்கி வந்து, "எங்கம்மா அந்த சைவப் பூனை?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். தனலெட்சுமி அதைத் தூக்கிக் காட்டும் அழகைப் பார்த்தால், ஏதோ பெற்ற பிள்ளை சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய மாதிரி இருக்கும்.

அதே பூனைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஜமீலா என்று பெயர். பகல் வண்டி போனதும் கடையின் பின்வாசலில் மஹ்மூதா ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுவாள். முள்ளெடுத்த மீன் வைத்திருப்பாள். இது தனலெட்சுமி ஒருத்தியைத் தவிர ஊருக்கே தெரியும். ஒருவேளை அவளுக்கும் தெரிந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டால் பூனைக்கு மட்டுமா உலகம் இருட்டாகும்?

சாதாரண நாளாக இருந்தால் அந்தச் சண்டை அதோடு போயிருக்கும். ஆனால் அன்றைக்கு மஹ்மூதா கடைசியாக ஒன்று சொன்னாள்.

"நோன்பு பொறக்கப் போவுதுக்கா. யாரு வந்து கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லுவேன். நோன்பு வச்சிக்கிட்டுப் பொய் பேச என்னால ஆவாது."

தனலெட்சுமியின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் செல்வராணிக்கு குளுவாங் டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை ராஜசேகரன் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். அப்பா காலத்திலிருந்தே சுத்த சைவக் குடும்பம், தாயார் புஷ்பவள்ளி வைத்ததுதான் சட்டம். தரகர் ஐயாசாமி அங்கே போய், "பொண்ணு வீட்ல பூனைகூட மச்சம் தொடாதுங்க" என்று அளந்துவிட்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் அந்த அம்மாள், கந்தசஷ்டி முடிந்த மறுநாள் நேரில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் வேலிக்கு அப்பால் ஒருத்தி பொய் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அந்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், கந்தசஷ்டி விரதமும் ரம்ஜான் நோன்பும் ஒரே பிறையில் வந்தன. தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் இந்தப் பக்கம் விரதம், அந்தப் பக்கம் நோன்பு. பகலில் கபீர் பாயின் கடை அடைத்திருக்கும். சிரட்டைச் சத்தம் கிடையாது.

பூனையும் பகலில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டது.

தனலெட்சுமி பால்சாதத்தை வைப்பாள். அது வந்து முகர்ந்து பார்க்கும். பிறகு கிண்ணத்தைச் சுற்றிலும் தரையைக் காலால் பறண்டிவிட்டுப் போய்ச் சாமி அறை வாசலில் படுத்துக்கொள்ளும். முதல் நாள் அவள் பயந்துபோனாள். இரண்டாம் நாள் சஷ்டிப் பாராயணத்துக்கு வந்த பெண்களில் யாரோ, "அதுவும் விரதம் இருக்கோ என்னமோ" என்று விளையாட்டாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். மூன்றாம் நாள் ரப்பர் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் முல்லைச் சரம் கொண்டுவந்து பூனையின் கழுத்தில் போட்டாள். பூனை அதைக் கடித்துப் பார்த்து, விட்டுவிட்டது.

"ஆறு நாளும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கா, ஆனா ஒடம்பப் பாருங்க, எளைக்கவே இல்ல" என்றாள் தனலெட்சுமி. "முருகனே ஊட்டுறான்."

இளைக்கவில்லை என்பது குறைத்துச் சொன்னது. பூனை பருத்துக்கொண்டே போனது. முருகன் ஊட்டினானோ இல்லையோ, விடியுமுன் மஹ்மூதா சஹர் சாப்பாட்டுக்கு எழும்போது அது அவள் அடுப்படியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும். மாலையில் பாங்கு சொன்னதும் மறுபடி போய் ஆட்டுக்கறி போட்ட நோன்புக் கஞ்சியில் பங்கு கேட்கும். கபீர் பாய் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "நம்ம வீட்ல பெரிய புள்ளைங்களே அர நோன்பு வைக்குது. ஜமீலா முழு நோன்பு. என்னா பக்தி."

இரண்டு வீட்டாருக்கும் தாங்க முடியாத பெருமை. பூனை மட்டும் பகலெல்லாம் தூங்கியது.

சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை வண்டியில் புஷ்பவள்ளி அம்மாள் வந்து இறங்கினார்கள். கூடவே மாப்பிள்ளையும் தரகரும். அந்த அம்மாளுக்குப் பெரிய உடம்பு, சின்னக் குரல். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, கேசரியைத் தொடாமல், முதலில் கேட்ட கேள்வியே, "பூனை எங்க?" என்பதுதான். வெற்றிலை மடித்துத் தருகிற சாக்கில் நானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

வடிவு பாயில் கிடந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் புதுச் சரம், முனையில் முடிச்சு விழுந்த வாலை மடக்கிக்கொண்டு ஒரு ஜமீன்தாரிணி மாதிரி. ஐயாசாமி ஆரம்பித்தார். "ஆறு நாள் விரதங்க. இன்னிக்குத்தான் பாரணை. நீங்க வரணும்னு காத்துக்கிட்டு இருக்கு."

தனலெட்சுமி நெய் மணக்கக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பூனை எழுந்தது. முகர்ந்தது. கிண்ணத்தைச் சுற்றி ஒரு தடவை நன்றாகத் தரையைப் பறண்டியது. பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டது. சஷ்டி முடிந்தது அதற்கு எப்படித் தெரியும்? கடை இன்னும் பகலில் அடைத்துத்தானே இருந்தது.

"இன்னும் முடிக்க மனசு வரல போல" என்றாள் தனலெட்சுமி. கிண்ணத்தை அதன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

புஷ்பவள்ளி அம்மாள் குனிந்து பூனையை இரண்டு கையாலும் தூக்கினார்கள். தூக்கிய விதத்திலேயே தெரிந்தது, பழகிய கை. அடிவயிற்றைத் தடவினார்கள். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார்கள். காதைத் திருப்பிப் பார்த்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு, "என்ன போடுறீங்க இதுக்கு?" என்று கேட்டார்கள்.

"பால்சாதந்தாங்க. வேற எதையும் மோந்துகூடப் பாக்காது."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

"இல்லீங்க. நாங்க சைவம்."

"நாங்களும் சைவந்தான்" என்றார்கள் அந்த அம்மாள். "எங்க வீட்ல அஞ்சு பூனை. பின்கட்டுல அதுங்களுக்குன்னு தனி அடுப்பு, தனிச் சட்டி. மார்க்கெட்லேந்து ஆள் வந்து மீன் குடுத்துட்டுப் போவான். அலசி, வேக வச்சு, முள்ளெடுத்துப் போட்டுட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் நான் உள்கட்டுக்கு வருவேன். எங்க சைவம் எங்களோட. பூனைக்குப் பூனை சாப்பாடு. மீனு கெடைக்காத பூனைக்குக் கண்ணு அவிஞ்சு போவும்."

ஐயாசாமி கூரையைப் பார்த்தார். சதாசிவம் அடுத்த வண்டி எப்போது என்று யோசிப்பவர் போல இருந்தார்.

"வாயில்லா சீவனப் பட்டினி போட்டுட்டு அத விரதம்னு பெருமை பேசுற வீட்ல பொண்ணெடுக்க எனக்கு யோசனையா இருக்கும்மா. வர்ற மருமக கையிலதான் அந்தச் சட்டியக் குடுக்கணும். கோச்சிக்காதீங்க." பூனையைப் பாயில் இறக்கிவிட்டு அந்த அம்மாள் எழுந்துவிட்டார்கள்.

தனலெட்சுமியின் முகத்தை நான் பார்த்தேன். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டது ஒரு பக்கம், கதவோரம் நிற்கும் மகள் ஒரு பக்கம். முடிவெடுக்க அவளுக்கு வெகுநேரம் ஒன்றும் பிடிக்கவில்லை.

"பட்டினி இல்லீங்க" என்றாள். "இருங்க. ஒரு நிமிசம் இருங்க."

பின்கட்டுக்குப் போனாள். வேலியண்டை நின்று, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக, "மஹ்மூதா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட சத்தம் ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்.

மஹ்மூதா கையில் மாவோடு வந்து வேலிக்கு அப்பால் நின்றாள். பெண் பார்க்க வந்தவர்களும் நாங்களும் பின்வாசலில் கூடிவிட்டோம்.

"இவங்க குளுவாங்லேந்து வந்திருக்காங்க. பூனை என்ன திங்கிதுன்னு கேக்குறாங்க" என்றாள் தனலெட்சுமி. "நோன்போட இருக்க. உள்ளதச் சொல்லு."

மஹ்மூதா அவள் முகத்தையே பார்த்தாள். உண்மையிலேயே சொல்லச் சொல்கிறாளா என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தனலெட்சுமி தலையசைத்தாள்.

"மீன் திங்கிதும்மா" என்றாள் மஹ்மூதா. "ரெண்டு வருசமா நாந்தான் போடுறேன். கெம்போங்கு வந்தா நடுத்துண்டு அதுக்குத்தான். முள்ளு ஒண்ணு இருக்காது, சத்தியமா. இப்ப நோன்பு, அதனால விடியுமுன்னயும் பாங்குக்குப் பொறவும் சாப்புடுது. பகல்ல அதுக்குப் பசியே கெடையாது."

புஷ்பவள்ளி அம்மாளின் முகம் மலர ஆரம்பித்தது.

"ஆனா ஒண்ணு" என்று மஹ்மூதா தொடர்ந்தாள். "காதுல புழு வச்சு, சாவக் கெடந்துச்சு. நானா இருந்தா தொட்டிருக்கக்கூட மாட்டேன். அந்தக்கா மடியில போட்டுக் காப்பாத்துனாங்க. உசுரு அவங்க குடுத்தது. ஒடம்பு நான் குடுத்தது."

"அப்ப இந்தம்மாவுக்கு மீன் வாசனை தெரியாமலா இருந்துச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டார்கள்.

மஹ்மூதா தயங்கினாள். பொய் சொல்லக்கூடாது என்ற நோன்பு அவளை விடவில்லை.

"எப்படித் தெரியும்? தின்னுட்டு வந்தா செல்வராணி புடிச்சு, ஈரத் துணியால வாயி, மீச எல்லாம் தொடச்சுல்ல உள்ள விடும். தெனம் பகலுக்கு அந்த ஜன்னலத் தொறந்து விடுறதே அந்தப் புள்ளதான்."

அந்தப் பெண்ணின் கையில் எப்போது பார்த்தாலும் ஒரு ஈரத் துணி இருக்கும். என்ன சுத்தம், என்ன சுத்தம் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாமல் போன ஒரே விஷயம் அதுதான்.

செல்வராணி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். தனலெட்சுமி மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, அதைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. புஷ்பவள்ளி அம்மாள் அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

"பூனைக்கும் வயிறு வாடக் கூடாது, பெத்தவ மனசும் நோவக் கூடாது. இப்படி ஒருத்தியத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். டேய் சேகரு, ஒனக்குச் சம்மதமா?"

மாப்பிள்ளை ஏற்கெனவே கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் அப்போதே கொடுத்தாகிவிட்டது.

உள்ளே போய் அந்த அம்மாள் கேசரியைச் சாப்பிட்டார்கள். பிறகு வேலி வழியாக மஹ்மூதாவுக்கும் ஒரு தட்டு போனது, பாங்குக்குப் பிறகு சாப்பிடட்டும் என்று. தட்டு திரும்பி வரும்போது அதில் வாழைப்பழம் இருந்தது.

இனிமேலாவது தனலெட்சுமி அடங்குவாள் என்று நினைத்தேன். நடக்கவில்லை. "எங்க பூனையாலதான் எம்மவளுக்குச் சம்பந்தம் முடிஞ்சிச்சு" என்று வண்டிக்கு வண்டி சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் மஹ்மூதா, "நான் போட்ட மீனாலதான்" என்று சொன்னாள். இரண்டும் உண்மை என்பதால் சண்டை போட வழியில்லாமல் போய்விட்டது. எனக்குத்தான் நஷ்டம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. செல்வராணி குளுவாங் போய்ச் சேர்ந்து, பின்கட்டு அடுப்பை வாங்கிக்கொண்டாள். இப்போது அங்கே ஏழு பூனை என்று கேள்வி. மறு வருடம் சதாசிவத்துக்கு சிகாமட் ஸ்டேசனுக்கு மாற்றல் வந்தது. ரயிலில் பூனையை அலைக்கழிக்க வேண்டாமென்று தனலெட்சுமி அதை மஹ்மூதாவிடமே விட்டுப் போனாள். எனாமல் கிண்ணத்தையும் கொடுத்தாள். "வெள்ளிக்கெழம மட்டும் பால்சாதம் போடு, அது போதும் எனக்கு" என்றாள். மஹ்மூதா தலையில் போட்டிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள்.

சொன்ன வாக்கை மஹ்மூதா தவறவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அடுப்பில் அந்தப் பூனைக்குப் பால்சாதம்தான், மேலே ஒரு சொட்டு நெய். கடைக்குச் சாப்பிட வருகிறவர்களிடம் இப்போது அவளே தூக்கிக் காட்டுகிறாள்: "எங்க ஜமீலாவப் பாருங்க, வெள்ளிக்கெழம மீனத் திரும்பிக்கூடப் பாக்காது."

தனலெட்சுமி இருந்த வீட்டுக்கு ஒரு மலையாளத்துக் கிராணி குடி வந்திருக்கிறார். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் மீன் வாங்குகிறார்கள். பகல் வண்டி போனதும் அந்தச் சமையற்கட்டு ஜன்னல் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறது என்று நான் மஹ்மூதாவிடம் சொல்லவில்லை.