பாதி வழி வீடு

சோஃபாவை வாசல் வழியாக நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் ஹூயா அதைச் சொன்னாள்.

"மாமா, சாயந்திரம் ராவிரியோட ஆளுங்க வருவாங்க. அவனைக் கேப்பாங்க. பேசாம குடுத்துடுங்க. யாரும் மல்லுக்கு நிக்கக் கூடாது."

பிரிப்பி மாமா தன் பக்கத்து முனையைத் தரையில் வைத்துவிட்டார். ஹூயாவின் அம்மாவுக்குத் தம்பி. காலையிலேயே வாங்கனூய் ஆற்றங்கரையிலிருந்து வந்திருந்தார், வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு.

"சண்டை போடாம எப்படிடி குடுக்கிறது? உன் புருஷன் என்ன, வேண்டாத பழைய சோஃபாவா?"

"எனக்கு 'எங்கே'ங்கிற கேள்வியே அலுத்துப்போச்சு மாமா. பதினோரு வருஷமா எங்கே குடியிருக்கிறதுன்னு அதையே பேசியாச்சு. தூக்குங்க."

எங்கள் மாவோரி ஜனங்களில் செத்தவனை எந்த மண்ணில் புதைப்பது என்று பிறந்த வீட்டாரும் மனைவி வீட்டாரும் மல்லுக்கட்டுவது வழக்கம். எவ்வளவு உரக்கக் கத்துகிறார்களோ அவ்வளவு மரியாதை செத்தவனுக்கு. ஹூயாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் நேற்று மத்தியானம், அவன் வேலை பார்த்த வெல்லிங்டன் துறைமுகத்தில், சாப்பாட்டு அறை மேஜையிலேயே ராவிரி தலை சாய்த்துவிட்டான் என்று தொலைபேசி வந்ததிலிருந்து அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த வீட்டின்மேல் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் வரைபடத்தில் ஒரு நூலை வைத்து, ஒரு முனையை வெல்லிங்டனிலும் மறுமுனையை அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பாமர்ஸ்டனிலும் பிடித்து, நூலை இரண்டாக மடித்தார்கள். மடிப்பு விழுந்த இடம் ஒட்டாக்கி. இருவருக்கும் சொந்தம் கிடையாது, பழக்கம் கிடையாது. நியாயமான ஊர் என்றான் ராவிரி. அந்த நியாயத்துக்குத் தண்டம், தினமும் ஆளுக்கு ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. காலையில் முடுக்கு முனையில் அவன் கார் தெற்கே திரும்பும், அவள் கார் வடக்கே திரும்பும். சாயந்திரம் திரும்பி வந்து இரண்டு பேரும் சாலையைத் திட்டுவார்கள்.

"ஷானன் தாண்டினதும் அந்தப் பால் லாரி இன்னிக்கும் முன்னாடி போய் நின்னுக்கிட்டான்" என்பாள் அவள்.

"முந்திட்டுப் போக வேண்டியதுதானே?"

"வளைவு வளைவா போற ரோட்டுல எங்க முந்துறது? நீ ஒரு நாள் என்கூட வந்து பாரு, தெரியும்."

"வரேன், வரேன்."

வரவில்லை. அவன் லீவு போட்டால் அவளுக்கு வேலை, அவளுக்கு லீவு என்றால் அவனுக்குக் கப்பல் வந்து நிற்கும். ஆறு மாதமாக அவள் பாமர்ஸ்டனில் விலைக்கு வந்த ஒரு வீட்டின் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாள். அவன் தினமும் அதைத் தாண்டித்தான் பால் எடுத்தான். நேற்றுக் காலையில் "பார்க்கலாம்" என்றான். "என்ன பார்க்கலாம்? பதினோரு வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்!" என்று கத்திவிட்டு அவள் முதலில் கிளம்பிப் போனாள்.

நாலு மணிக்கு, சோஃபா இருந்த இடத்தில் ராவிரியின் சவப்பெட்டி திறந்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மெத்தை விரித்து ஹூயா உட்கார்ந்திருந்தாள். அப்போது கிழக்குக் கரையிலிருந்து இரண்டு வேன்கள் வந்து நின்றன. எட்டு மணி நேரப் பயணம். ராவிரியின் அக்கா வைமாரி வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொருவராக எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து அழுதார்கள். ரொட்டியும் தேநீரும் ஆனபின் வைமாரி எழுந்து நின்றாள்.

"என் தம்பியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். எங்க அம்மா பக்கத்துல இடம் வச்சிருக்கு. ஆத்தங்கரைக்காரங்க என்ன சொல்றீங்க?"

பிரிப்பி மாமா கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைமாரி காத்திருந்தாள். அவளோடு வந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி. கூட்டிட்டுப் போங்க" என்றார் மாமா.

வைமாரியின் முகம் கறுத்துவிட்டது.

"அவ்வளவுதானா? எட்டு மணி நேரம் வந்திருக்கோம். ஒருத்தருக்குக்கூட என் தம்பி வேண்டாமா? இத்தனை வருஷம் யார் வீட்டுல இருந்தான் அவன்? பேசாத வீட்டுல இருந்து அவனை எப்படி எடுத்துட்டுப் போவேன்?" அவள் குரல் உடைந்தது. "ஹூயா, உனக்குமா அவன் வேண்டாம்?"

ஹூயா நிமிர்ந்து பார்த்தாள். தான் செய்த காரியம் என்ன என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கவில்லை. ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாமா? யாருக்கு வேண்டாம்? ஒரு நாளைக்கு எனக்கு அவன் மூணு மணி நேரம் அண்ணி. அதுல சமையல், பாத்திரம், சண்டை எல்லாம். மீதியெல்லாம் அந்த ரோடு தின்னுடுச்சு. இப்ப மிச்சம் இருக்கிறதை நீங்க வந்து அள்ளிக்கிட்டுப் போவீங்களா? தர மாட்டேன். இங்கேயே, இந்தப் பாழாப்போன ஒட்டாக்கியிலேயே வச்சுக்குவேன்!"

"அப்படிச் சொல்லுடி!" என்று பிரிப்பி மாமா தடியைத் தரையில் தட்டி எழுந்தார். "ஒட்டாக்கி எதுக்கு? எங்க ஆத்துல விலாங்கு பிடிக்கத் தெரியாம ரெண்டு தடவை தண்ணில விழுந்தவன் அவன். அந்த ஆறு அவனை விடாது. முடிஞ்சா தூக்கிப் பாருங்க!"

"உங்க ஆத்துக்கு நீச்சல் தெரிஞ்சவனே கிடைக்கலையா?" என்று வைமாரி திருப்பிக் கத்தினாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அப்புறம் ஒரு மணி நேரம் வீடு அதிர்ந்தது. அவன் சின்ன வயதுத் திருட்டுகள், குறட்டை, காருக்கு எண்ணெய் மாற்றாத சோம்பேறித்தனம் எல்லாம் வந்து விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் வைமாரி மெத்தையில் ஹூயாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இங்கேயே வச்சுக்கிறேன்னியே. நீ இங்க இருப்பியா?"

ஹூயா சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"இந்த ஊர்ல உனக்கு யாரு இருக்கா? நாளைக்கு நீ உன் வேலைக்குப் பக்கத்துல போயிடுவ. போகத்தான் வேணும். அப்புறம் அவன் மட்டும் இங்க தனியா கிடப்பான்."

குளிர்சாதனப் பெட்டியில் அந்த வீட்டின் படம் இன்னும் ஒட்டியிருந்தது. யாரோ அதன்மேல் ரொட்டி வாங்க ஒரு பட்டியலைச் செருகியிருந்தார்கள். இனி அந்த வீட்டை வாங்க வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. பாமர்ஸ்டனில் எந்தத் தெருவிலும் அவள் குடியேறலாம். இரண்டு முனை இருந்ததால்தான் நூலில் மடிப்பு விழுந்தது என்று நினைத்தபோது ஹூயா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். வைமாரி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்றாள் வெகுநேரம் கழித்து. "ஆனா வண்டியில நான்தான் பக்கத்துல உக்காருவேன்."

"பின்னே வேற யாரு?"

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். வைமாரியின் மூத்த மகன் ஓட்டினான். பின்னால் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஹூயா கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். முடுக்கு முனையில் வேன் வடக்கே திரும்பியது.

ஷானன் தாண்டி வளைவுகள் ஆரம்பித்த இடத்தில் வேனின் வேகம் குறைந்தது. ஹூயா எட்டிப் பார்த்தாள். முன்னால் பளபளவென்று வெள்ளித் தொட்டியோடு பால் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பார்த்தியா?" என்றாள் பெட்டியின்மேல் கை வைத்து. "சொன்னேன்ல?"

ஓட்டியவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "கொஞ்சம் நேர் ரோடு வருது அத்தை. முந்திடட்டுமா?"

"வேண்டாம்ப்பா" என்றாள் ஹூயா. "பின்னாடியே போ."