லேசான மூக்கு

முந்தாநாள் ஆடாத டிரெய்லர் நேற்று ஏன் ஆடியது? அதே பிக்கப் வண்டி, அதே டிரெய்லர், இரண்டையும் இணைக்கும் அதே கொக்கி. ஓட்டியதும் அதே நான்தான். ராத்திரி முழுக்க இதையே திருப்பித் திருப்பி யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஆர்லன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் மட்டும் என்ன சொல்லிவிடப்போகிறார்? சாயங்காலத்திலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு நாங்கள் டிரெய்லரில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. கோடையில் டகோட்டா மலைப்பக்கம், குளிர் வந்தால் அரிசோனா பாலைவனம். வண்டியை இழுத்துப்போவது எப்போதும் ஆர்லன்தான். இந்த வசந்தத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை தொங்கிப்போனது. அதிலிருந்து ஓட்டுவது, கொக்கி மாட்டுவது, டிரெய்லரின் மூக்கைத் தூக்கி இறக்கும் ஜாக்கியைச் சுழற்றுவது எல்லாம் என் தலையில்.

நேற்று அரிசோனா போகும் வழியில், வயோமிங் காற்றில் ஒரு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். பெரிய கண்டெய்னர் லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. பின்னால் டிரெய்லர் முதலில் மெதுவாக வாலாட்டியது. அப்புறம் பிக்கப்பையே இரண்டு பக்கமும் பிடித்து உலுக்க ஆரம்பித்தது. நான் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் கூடியது. ஆர்லன் இடது கையை எட்டி, என் முழங்காலுக்கு மேலே இருக்கும் சின்ன நெம்புகோலை அழுத்திப் பிடித்தார். அது டிரெய்லரின் சக்கரங்களுக்கு மட்டுமான பிரேக். டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேரானது. வழியில் கண்ணில் பட்ட முதல் டிரெய்லர் முகாமிலேயே நுழைந்து நிறுத்தினேன். அன்றைக்குச் சமையல்கூடச் செய்யவில்லை. ரொட்டியையும் சீஸையும் மென்றுவிட்டுப் படுத்தோம்.

"ஏன் ஆடுச்சுன்னு தெரியாம இனிமே நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையோடு முகாமை மூடுகிறார்கள், தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள், பனி வேறு வருகிறது. டிரெய்லரை இழுக்க முடியாவிட்டால் எங்களுக்கு வீடு இல்லை.

காலையில் கொக்கியருகே குனிந்தேன், அவ்வளவுதான். கையில் காபிக் கோப்பையோடு ஆண்கள் வந்துவிட்டார்கள். எந்த முகாமிலும் இதுதான் வழக்கம். அடுப்பில் குனிந்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கொக்கியில் குனிந்தால் ஊரே கூடிவிடும்.

முதலில் வந்தவர் ராய்ஸ், பஸ் அளவு வண்டி வைத்திருக்கும் நெட்டை மனிதர். கொக்கியிலிருந்து டிரெய்லரின் இரண்டு பக்கமும் ஓடும் தடித்த கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் வாலை அமுக்கும் பாரத்தை முன்சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் பங்கு போட்டுத் தருவது அந்தக் கம்பிகள்தான்.

"கம்பியத் தூக்கிப் பிடிக்கிற சங்கிலி தளர்வா இருக்கு. ஒரு வளையம் ஏத்தி மாட்டுங்க."

"ஏத்தாதீங்க!" என்றார் பின்னால் வந்த லைல். தொப்பிக்குக் கீழே மீசை மட்டும் தெரியும் ஆசாமி. "ஏத்தினா பின்சக்கரம் தரையில பாவாது. எறக்கி மாட்டணும்."

"நீ போன வருஷம் எறக்கி மாட்டித்தானய்யா பள்ளத்துல கெடந்த?"

"அது பனியில வழுக்குனது. கம்பிய ஏன் இழுக்கற?"

"நேத்து ஆட்டத்த நிறுத்துனது ஆர்லன்தான், அவரக் கேளுங்களேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

பக்கவாட்டில் இருக்கும் ஆட்டம் தடுக்கும் சட்டத்தை ராய்ஸ் இறுக்கச் சொன்னார். லைல் அதைக் கழற்றி எண்ணெய் போடச் சொன்னார். எண்ணெய் போட்டால் அது எதைத் தடுக்கும் என்று ராய்ஸ் கேட்டார். இருவரும் டேப் வைத்து அளந்தார்கள். முன்பக்கம், பின்பக்கம், எல்லாம் ஒரே மட்டம்.

"இவ்ளோ சமமா நிக்கிற வண்டிய நான் பாத்ததே இல்லம்மா" என்றார் ராய்ஸ். "உங்க வண்டியில ஒரு கொறையும் இல்ல."

குறையே இல்லாத வண்டி என்னைக் கொல்லப் பார்த்ததா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதைவிடப் புரியாதது ஆர்லன். அவருடைய கொக்கியைப் பற்றி இன்னொருவர் வாய் திறந்தால் சண்டைக்கு நிற்கிற மனிதர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. என் மச்சான் ஒருத்தன் பழைய டிரெய்லரெல்லாம் வாங்கிக்கறான். குடுத்துட்டு பஸ்ஸுல போயிருங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

கோபம் வந்தது. ஆனாலும் மத்தியானம் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் எனக்கே அவமானமாக இருந்தது.

மனசு சரியில்லாவிட்டால் முட்டை பொரிப்பது என் பழக்கம். உள்ளே போய், முன்பக்க சோபாவுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். இரும்பு வாணலி இல்லை. வாணலிகள் மூன்றும் இல்லை. பீச் பழ டப்பாக்கள் இல்லை. ஆர்லனின் கருவிப் பெட்டி, இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய அந்தச் சனியன், அதுவும் இல்லை. என் தையல் மிஷின் இருந்த இடத்தில் ஒரு தலையணை இருந்தது.

திருட்டு என்றால் தலையணை எதற்கு? டிரெய்லரின் மறுகோடிக்குப் போய்ப் படுக்கைக்கு அடியில் பார்த்தேன். எல்லாம் அங்கே இருந்தன, பின்சுவரை ஒட்டி, துண்டு சுற்றி, ஒன்றுக்கொன்று இடிக்காதபடி. திருடன் வந்தால் எடுத்துக்கொண்டு போவான். எடுத்துப் பின்னால் அடுக்கிவிட்டா போவான்? ஒருவேளை நானே வைத்துவிட்டு மறந்துபோனேனா? என் அம்மா கடைசிக் காலத்தில் செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தாள். அதை நினைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் நேற்றுக் காலை ஞாபகத்துக்கு வந்தது. துணி துவைத்துவிட்டு வந்து ஜாக்கியைச் சுழற்றினேன். என்றைக்கும் என் தோளைப் பிடுங்கும் ஜாக்கி, அன்று வெண்ணெயில் கத்தி போலச் சுழன்றது. கம்பிகள் ஒரே இழுப்பில் ஏறின. எப்போதும் கொஞ்சம் உட்கார்ந்தாற்போல் நிற்கும் பிக்கப்பின் வால் நிமிர்ந்து நின்றது. "பாத்தியா ஆர்லன், கை பழகிருச்சு!" என்று நான் பீற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

வெளியே வந்தேன். "ராய்ஸ், லைல், ரெண்டு பேரும் போய் உங்க காபிய வேற எங்கயாவது குடிங்க" என்றேன். போனார்கள். ஆர்லனுக்கு முன்னால் வாணலியை நீட்டினேன்.

"இது எப்படிப் பின்னால போச்சு?"

வாணலியின் விளிம்பை இடது கை விரலால் தடவினார். பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகள் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆனால் இது அந்தத் தாமதம் இல்லை.

"முந்தாநாள் நீ ஜாக்கி மேல தலைய வச்சு அழுதுட்டிருந்த. நான் பாக்கலன்னு நெனச்ச."

"அதுக்கு?"

"மூக்குல பாரம் கொறஞ்சா ஒனக்கு லேசா இருக்குமேன்னு... நீ துவைக்கப் போனப்ப ஒண்ணொண்ணா நகத்தினேன். இந்தக் கையால."

"அந்தக் கருவிப் பெட்டியவா? ஒத்தக் கையாலயா?"

"தரையில தள்ளினேன். காலாலயும்."

"முன்னால பாரம் கொறஞ்சா வால் ஆடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானய்யா!"

"தெரியும்." அவர் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம்தானே, கம்பி பாத்துக்கும்னு நெனச்சேன் வெர்னா. ஆட்டத்தத் தடுக்கறதுக்குத்தான் சட்டமும் இருக்கேன்னு நெனச்சேன். நீ கை பழகிருச்சுன்னு சொன்ன. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் வாணலியைப் பிடித்தபடி நின்றேன். கம்பிகள் இருக்கிற பாரத்தைத்தான் பங்கு போடும், இல்லாத பாரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? அது அவருக்குத் தெரியாததா? என் அழுகை அவரை அந்த அளவுக்குக் குழப்பியிருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட, பார்க்கவில்லை என்று நினைத்து அழுத என்மேல் கோபம் அதிகமாக வந்தது.

சாமான்களை நான் தூக்கி முன்னால் கொண்டுபோனேன், அவர் காலால் தள்ளினார். பிக்கப்பின் வால் பழையபடி கொஞ்சம் உட்கார்ந்தது. பார்க்க அழகாக இல்லை. கம்பிகளைத் திரும்ப இறுக்கி மாட்ட ஜாக்கியைச் சுழற்ற வேண்டும். சுழற்றினேன். தோள் பிடுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கனமா இருக்கா?" என்றார் ஆர்லன்.

"கனமாத்தான் இருக்கு. நாளைக்கும் கனமாத்தான் இருக்கும். அழணும்னா இனிமே ஒன் முன்னாடியே அழறேன். நீ சாமான மட்டும் நகத்தாத."

அவர் எழுந்து வந்து கைப்பிடியில் என் கைமேல் தன் இடது கையை வைத்தார். அவர் தள்ளும்போது நான் இழுத்தேன், நான் தள்ளும்போது அவர் இழுத்தார். பாதிச் சுற்று வீணாகத்தான் போனது.

லைல் தூரத்திலிருந்து, "என் மச்சான்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கத்தினார்.

"வேற வீடு பாக்கச் சொல்லுங்க!" என்று நானும் கத்தினேன்.

மத்தியானம் நெடுஞ்சாலையில் ஒரு இறக்கம் வந்தது, பின்னாலேயே ஒரு லாரியும் வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஆர்லனின் இடது கை மெதுவாக நெம்புகோலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. லாரி தாண்டியது. காற்று எங்களை ஒரு இடி இடித்துவிட்டுப் போனது. கண்ணாடியில் டிரெய்லர் பின்னால் நேராக வந்துகொண்டிருந்தது.

லாரி கண்ணை விட்டு மறைந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் அது என் முழங்கையில் இடித்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை.