ரோமச் சிப்பாயிடம் நீட்டிய அட்டை

ஜெர்மனியில் கிறிஸ்தோப்பருக்குத் தன் மாவட்ட எல்லை தாண்ட அனுமதியில்லை. அகதி வழக்கு முடியும்வரை உள்ளேயே இருக்க வேண்டுமென்று அவனுடைய அட்டையில் அச்சடித்தே இருந்தது. முன்பொருமுறை தாண்டிப் பிடிபட்டிருந்தான். இன்னொருமுறை என்றால் குற்றவழக்கு. அடுத்த மாதம் வரவிருந்த அகதி விசாரணையும் கந்தல்.

இத்தனையும் தெரிந்துதான் அக்கா நேசமலர் அவனைக் காரில் ஏற்றினாள். பிராங்பேர்ட்டில் மரக்கறிக்கடை வைத்திருப்பவள். யாராவது 'இல்லை' என்றால் பேரம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்பவள்.

"யேசுவைச் சிலுவையில அறைஞ்ச ரோமாக்காரற்ரை கோட்டையடா. பாக்க வேண்டாமே? பொலிஸ் அங்க ஏன் வரப்போகுது, கல்லுப் பொறுக்கவோ?"

"எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா."

"பயத்தைக் காருக்குள்ள விட்டிட்டு இறங்கு. நான் பூட்டிறன்."

மாவட்ட எல்லைக்கு வெளியே, சால்பூர்க் என்ற அந்தப் பழைய ரோமக் கோட்டையில் அன்று கோடைவிழா. தலைக்கவசமும் சிவப்புப் போர்வையுமாக ஒரு ரோமச் சிப்பாய் ஈட்டியைக் குறுக்கே பிடித்து, வந்த பிள்ளைகளை மறித்து விளையாடிக்கொண்டிருந்தான். கைநீட்டிய பிள்ளைக்கு உள்ளங்கையில் கழுகு முத்திரை குத்தி உள்ளே விட்டான். நேசமலர் ரிக்கற் எடுக்கப் போயிருந்தாள்.

"நில்! அவுஸ்வைஸ்!" என்று அதே விளையாட்டாக அடையாள அட்டை கேட்டான் சிப்பாய்.

கிறிஸ்தோப்பருக்குப் பிள்ளைகள் தெரியவில்லை. ஒரு வாசல், ஒரு தலைக்கவசம், நீட்டிய ஒரு கை. யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் பழகிய அவனுடைய கை தானாகவே சட்டைப்பைக்குள் போய் அட்டையை எடுத்துக் கொடுத்தது.

சிப்பாயின் சிரிப்பு நின்றது. அந்த அட்டையைப் புரட்டினால் சாதாரண ஆளுக்கு ஒன்றும் விளங்காது. இவனுடைய விரலோ நேரே மாவட்டத்தின் பெயர் இருந்த வரியில் போய் நின்றது.

ஓடிவந்த நேசமலர் வாயைத் திறந்தாள். கறிவேப்பிலைக்குக்கூட வாதாடுகிற வாய். அதை மூடிக்கொண்டு இரண்டு ரிக்கற்றையும் நீட்டினாள். வரிசையில் பின்னால் நின்ற பிள்ளை சிணுங்கியது.

சிப்பாய் குரலைத் தாழ்த்தினான். "எப்போது வந்தீர்கள்?"

"இப்பதான்..." என்று ஜெர்மனில் திக்கினான் கிறிஸ்தோப்பர்.

"அப்படியென்றால் இன்னும் வரவில்லை." அட்டையை மடித்து அவன் கையில் வைத்தான். "நேரே வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு எனக்கு வேறு சீருடை."

இருவரும் ஓடவில்லை. ஓடினால் பார்ப்பார்கள் என்று நடந்தார்கள். நேசமலர் முதலில் பக்கத்துக் காரில் சாவியைப் போட்டுத் திருகினாள்; பிறகுதான் தன்னுடையதைத் திறந்தாள்.

"அக்கா, நான் விட்டிட்டுப் போன பயம் உள்ளுக்குள்ளதானே கிடக்கும்?"

"ஓமடா. தள்ளி இரு. என்ரையும் ஏறவேணும்."