மேய்க்காலில் வெள்ளைக் கற்கள்

ஏரிக்குக் கிழக்கே இருக்கும் பதினான்கு ஏக்கர் புல்தரையை ஊரில் மேய்க்கால் என்பார்கள். ஊர் மாடுகள் மேய்வதற்கென்று அரசுப் பதிவேட்டிலேயே எழுதி வைத்த பொது நிலம் அது. மேடவாக்கம் பக்கமிருந்தும் சேலையூர் பக்கமிருந்தும் அடுக்குமாடிகள் நெருங்கி வந்த பிறகும் பாப்பாவின் ஏழு எருமைகளும் துலுக்காணத்தின் நான்கு பசுக்களும் அங்கேதான் மேய்ந்தன. ஊரில் மாடு என்று மிஞ்சியது அவ்வளவுதான்.

பங்குனி பிறந்தால் ஆட்காட்டிக் குருவிகள் அந்தத் தரையில் முட்டையிடும். கூடு கட்டாது. மண்ணில் ஒரு சின்னக் குழி, அதில் மண் நிறத்திலேயே நான்கு முட்டைகள். சில வருடங்களுக்கு முன் பாப்பாவின் எருமை ஒன்று தெரியாமல் மிதித்துவிட்டது. தாய்க்குருவி இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிக் கத்தியது. பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து முட்டை கண்ட இடத்தைச் சுற்றி ஐந்து கற்களை வைத்து, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை அவற்றின்மேல் தடவிவிடுவாள். வெள்ளை தெரிந்தால் மாட்டை விலக்கி ஓட்டலாம். முதலில் கிண்டல் செய்த துலுக்காணமும் பிறகு கல் வைக்கத் தொடங்கினான்.

ஆனால் இந்தப் பக்கத்தில் புறம்போக்கில் வெள்ளைக் கல்லைப் பார்ப்பவர்கள், யாரோ மனை பிரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்த ஜெயப்ரியாவும் அப்படித்தான் நினைத்தாள். ஞாயிறுதோறும் பைனாகுலரோடு வந்து பறவைகளைக் கணக்கெடுப்பவள் அவள். கற்களைப் படமெடுத்து, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தாள். நிலத்தைச் சுற்றி வேலி போட வேண்டும், மாடுகளை உள்ளே விடக் கூடாது. பறவைகள் பிழைக்க வேண்டுமே என்ற கவலைதான் அவளுக்கு. யார் மேலும் பகையில்லை.

கிராம நிர்வாக அலுவலர் வைத்தீஸ்வரன் பாப்பாவை வரச்சொல்லி, கற்கள் யாருடையவை என்று கேட்டார்.

"நான்தான் சார் வெச்சேன். வருசா வருசம் வெக்கிறேன்" என்றாள் பாப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

"எத்தனை இடத்துல?"

"இப்போ ஒம்போது கீது சார். அதுல ரெண்டு துலுக்காணம் வெச்சது."

இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஆக்கிரமிப்பாளரை அவர் பார்த்ததில்லை. அப்படியே எழுதிக்கொண்டு, ஆக்கிரமிப்பு பற்றியும் வேலி கேட்டு வந்த மனு பற்றியும் வெள்ளிக்கிழமை நேரில் பார்வையிடப்போவதாக ஒரு கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வாசலில் நின்றிருந்த துலுக்காணம் அதை வாங்கிப் படித்தான்.

"அக்கா, நீ ஏழு மனைக்கு ஓனராம். எனக்கு ரெண்டு. நகருக்கு இன்னா பேரு வெக்கலாம், சொல்லு."

பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலி வந்துவிட்டால் எருமைகளை விற்பதைத் தவிர வழியில்லை. புருஷன் போன பிறகு கேம்ப் ரோடு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அவள் நிமிர்ந்து நின்றாள். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் கன்னியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினாள். மனு கொடுத்தவளைப் பற்றி அம்மனிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சமயத்தில் வாய் குழறாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வைத்தீஸ்வரன், ஜெயப்ரியா, கடப்பாரையோடு ஒரு ஆள் என்று மூவரும் வந்தார்கள். துலுக்காணத்தோடு காத்திருந்த பாப்பா ஏதோ சொல்ல வந்தாள். முதலில் அளந்துவிடலாம், பேச்சு அப்புறம் என்று வைத்தீஸ்வரன் கையமர்த்திவிட்டார். அருகிலிருந்த கற்களை நோக்கி நடந்தார். ஒரு ஆட்காட்டி எழும்பி அவர் தலைக்கு மேலே கத்தியது. அண்ணாந்து பார்த்தபடியே கல்லைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"சார், தூக்குன காலைக் கீழ வெக்காதீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை ஒற்றைக் காலில் நிறுத்திவிட்டது. பாப்பா ஓடிவந்து குந்தி, அவர் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் தன் கையை நீட்டிக் காட்டினாள். அவர் கண்ணுக்கு மண்தான் தெரிந்தது. ஒரு புல்லைக் கிள்ளி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிய பிறகே நான்கு முட்டைகளும் தெரிந்தன. துலுக்காணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நொண்டி வந்தார்.

"எல்லாக் கல்லும் இதுக்குத்தானா?" என்று கேட்டாள் ஜெயப்ரியா.

"மனை போடணும்னா இத்துனூண்டா போடுவேன், மேடம்? எருமை வாலைக்கூட உள்ள வெக்க முடியாதே."

கடப்பாரைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

மற்ற எட்டு இடங்களையும் போய்ப் பார்த்தார்கள். ஆறில் முட்டைகள். ஒன்றில் ஓடுகள் மட்டும். ஒன்றில் அன்றுதான் பொரிந்த குஞ்சுகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஐந்து வருடங்களாக ஆட்காட்டிகள் கூடிக்கொண்டே வருவதாகத் தன் நோட்டில் எழுதியிருப்பதாகவும், ஏன் என்றுதான் புரியாமல் இருந்ததாகவும் ஜெயப்ரியா சொன்னாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். நீங்களும் குருவிக்காகத்தானே எழுதினீங்க என்று பாப்பா அதை அங்கேயே முடித்துவிட்டாள். ஒரே உயிரைக் காக்க நினைக்கும் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிடக் காலத்துக்குத் தெரியும். அவர்களைச் சேர்த்துவைக்கக் கடவுள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. யாரையாவது ஒருமுறை குனிந்து பார்க்க வைக்கிறார்.

மாடுகளைத் தடுக்கக் கோரிய வரியை ஜெயப்ரியா அங்கேயே அடித்துக் கையெழுத்திட்டாள். மற்ற நாற்பது பேரிடமும் தானே பேசுவதாகச் சொன்னாள். கட்டட இடிபாடுகளைக் கொட்டும் லாரிகளைத் தடுக்க வேலி வேண்டும், ஆனால் மேய்க்காலில் மேய்ச்சல் தொடர வேண்டும், மாடு வைத்திருப்பவர்களே கூடுகளைக் காத்துவருகிறார்கள் என்று வைத்தீஸ்வரன் மேலிடத்துக்கு எழுதினார். மூன்று வாரம் பாப்பா சரியாகத் தூங்கவில்லை. நான்காம் வாரம் உத்தரவு வந்தது. வேலி உண்டு. மாடுகளுக்கு வாசலும் உண்டு.

வேலி வேலைக்கு வந்தவர்களின் வரைபடத்தில் வாசல் மூன்றடி. ஆள் போகலாம், எருமை போகாது. வைத்தீஸ்வரன் பாப்பாவைக் கூப்பிட்டு எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார். அடிக்கணக்கு அவளுக்குத் தெரியாது. இருப்பதிலேயே கொம்பு விரிந்த எருமையை ஓட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். அவரே டேப்பை இந்தக் கொம்பு நுனியிலிருந்து அந்த நுனிவரை பிடித்தார். எருமை அவர் சட்டைக் கையை நக்கியது.

"ரெண்டு அடி சேர்த்தே வெச்சுக்கலாம்" என்றார் வைத்தீஸ்வரன். "சினையா இருக்கிறப்போ இடிக்கக் கூடாது."

தூண்களுக்கான குழிகளை அப்போதே தோண்டினார்கள். தூண் வரும்வரை காத்திருக்க எருமைகளுக்குப் பொறுமையில்லை. இரண்டு குழிகளுக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக ஏழும் உள்ளே போய்ப் புல்லில் வாய் வைத்தன. பாப்பா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.